தேன்தமிழ் மட்டும் போதுமா? ஒரு ஜேர்மன் ரொக் அல்பம் எனக்குக் காட்டியது

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகள் தெரிவு செய்கிற கூட்டம் நடந்தது. நிர்வாகத்தில் நாங்கள் ஐந்து பேர். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, தானே எழுதிப் பாடிய தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். தகப்பன் இரவு வேலைக்குப் போய் விடியற்காலை வந்து படுப்பது, வகுப்பில் “உண்மையில நீ எங்கயிருந்து வந்தனி?” என்று கேட்பது, வீட்டில் ஊர்க்கதை கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனது எல்லாம் அதில் இருந்தது. பாதி பாட்டு, பாதி கத்தல். பின்னால் இரும்பில் இரும்பு அடிக்கிற மாதிரி ஒரு தாளம்.

பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: “பிள்ளை, தமிழைக் கத்திப் பாடுறதே? தேன் மாதிரி மொழி. பாரதியார் பாட்டு ஒண்டு எடுத்துப் பழகுங்கோ.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவள் “ஓகே அங்கிள்” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குக் காரில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே தலையாட்டலை நான் முன்பும் ஒருமுறை செய்திருக்கிறேன். அது தமிழ்ப் பாட்டுக்கு இல்லை. ராம்ஷ்டைன் என்ற ஜேர்மன் ரொக் குழுவின் இரண்டாவது அல்பத்துக்கு. அதன் பெயர் ‘ஸேன்ஸுக்ட்’. அந்தக் கதையைச் சொன்னால்தான் அந்தப் பிள்ளையின் பாட்டைப் பற்றி நான் சொல்ல வருவது விளங்கும்.

இரும்புச் சத்தம்

அந்த அல்பம் வெளிவந்தது 1997 ஆகஸ்டில். நான் அப்போது தகடு அடிக்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. எட்டு மணித்தியாலமும் பிரஸ் மெஷின் சத்தம். இடைவேளையில் இளம் தொழிலாளி ஒருவன் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைப் போடுவான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உள்ளே சம்பளத்துக்குக் கேட்கிற சத்தத்தை இவன் வெளியே காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறானே என்று.

பிறகுதான் விளங்கியது, அந்த இசை வகையே அப்படித்தான் பிறந்தது என்று. ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயர் 1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் த்ரொபிங் கிறிஸல் என்ற குழு தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. 1980இல் மேற்கு பேர்லினில் ஐன்ஷ்டுர்ட்ஸெண்ட நொய்பவுட்டன் என்ற குழு தகரம், துளையிடும் மெஷின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கியது. அதே ஆண்டு ஸ்லொவேனியாவின் சுரங்க நகரம் ஒன்றில் லைபாக் குழு தோன்றி, அணிவகுப்புத் தாளத்தையும் அதிகாரக் குரலையும் மேடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மினிஸ்ட்ரியும் நைன் இஞ்ச் நெயில்ஸும் இதைக் கனத்த கிற்றாரோடு சேர்த்து ரொக் ஆக்கின. ராம்ஷ்டைன் இந்த வரிசையில் வந்த குழு. கிற்றார் நரம்பை உள்ளங்கையால் அமத்தி ஒரே அளவில் வெட்டி வெட்டி வாசிப்பது, மெஷின் மாதிரி பிசகாத மேளம், கீபோர்ட்டிலிருந்து வரும் பதிவு செய்த ஒலிகள், இவற்றுக்கு மேலே அடித்தொண்டையில் ஒரு ஆண்குரல். அவ்வளவுதான் கட்டமைப்பு.

எனக்குச் சிரிப்பு நின்றது அந்தக் குரலைக் கவனித்தபோது. டில் லின்டமன் பாடும்போது ‘ர’வை நாக்கு நுனியில் உருட்டுவார். இன்றைய ஜேர்மனில் பெரும்பாலான இடங்களில் ‘ர’ தொண்டைக்குள்ளிருந்து வரும். உருட்டுகிற ‘ர’ பழைய மேடைப்பேச்சின் ‘ர’. கேட்கிறவர்களுக்கு உடனே 1930களின் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்தான் ஞாபகம் வரும்.

எங்களுக்கு அது வெறும் ஞாபகம் இல்லை. 1991 செப்ரெம்பரில் ஹோயர்ஸ்வேர்டா. 1992 ஆகஸ்டில் ரொஸ்ரொக் லிக்ரன்ஹாகனில் வெளிநாட்டவர் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது கீழே ஆட்கள் நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மோல்னில் மூன்று பேரும், 1993 மே மாதம் ஸோலிங்கனில் ஐந்து பேரும் வீட்டோடு எரிந்து செத்தார்கள். ஸோலிங்கனில் இறந்த ஐவரும் துருக்கியக் குடும்பத்துப் பெண்களும் பெண்பிள்ளைகளும். அந்தக் காலத்தில் அகதி ஹைமில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவில் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே ஓடத் தயாராக வைத்துக்கொண்டு படுத்த ஆட்கள் நாங்கள். நாலு வருடம் கழித்து ஒருவன் ‘ர’வை உருட்டி, அணிவகுப்புத் தாளத்தில் கத்தினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

இது நாசிப் பாட்டு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். சொல் ஒன்றைக்கூட வடிவாகக் கேட்கவில்லை.

மகனின் அறைக்குள்

2005 அளவில் அதே சத்தம் என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மகனுக்கு அப்போது பதினைந்து. பழைய சீடி விற்கிற சந்தையில் ‘ஸேன்ஸுக்ட்’டை வாங்கி வந்திருந்தான். அட்டையில் கொட்ஃப்ரீட் ஹெல்ன்வைன் என்ற ஓவியர் எடுத்த முகங்கள். வாயிலும் கண்ணிலும் உலோகக் கருவிகள் மாட்டிய மனிதர்கள். நான் அறைக்கதவைத் திறந்து, “இந்தக் குப்பையை நிப்பாட்டு. உவங்கள் எங்களை எரிக்கிற ஆக்கள்” என்று சத்தம் போட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “அப்பா, நீங்கள் ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டனீங்களோ?” என்றான்.

கேட்டிருக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவன் பாட்டு வரிகள் அச்சடித்த சின்னப் புத்தகத்தை விரித்து வைத்தான். என்னுடைய டொச் வேலைத்தள டொச். கட்டளை விளங்கும், கவிதை விளங்காது. அவன் ஒவ்வொரு சொல்லாக விளக்கினான். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்த தகப்பனுக்குப் பிள்ளை மொழி சொல்லிக் கொடுத்த முதல் நாள் அது.

‘டு ஹாஸ்ட்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுவை உலகம் முழுதும் கொண்டுபோன பாட்டு. ஜேர்மனில் ‘ஹாஸ்ட்’ என்றால் ‘உன்னிடம் இருக்கிறது’. வேறொரு வினையோடு சேர்ந்தால் ‘நீ செய்திருக்கிறாய்’. எழுத்தில் ஒரு ‘ஸ்’ கூடினால் ‘நீ வெறுக்கிறாய்’. எழுதினால் வேறு, சொன்னால் ஒன்றே. பாட்டு இந்த ஒலியைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி நிறுத்தி நீட்டுகிறது. கேட்கிறவன் ‘வெறுக்கிறாய்’ என்று நினைத்த பிறகு அது ‘கேட்டாய்’ என்று முடிகிறது. கடைசியில் பார்த்தால், கல்யாணத்தில் கேட்கிற உறுதிமொழிக் கேள்விக்கு ‘மாட்டேன்’ என்று பதில் சொல்கிற ஒருவனின் பாட்டு அது. சிலேடை. எங்கட காளமேகப் புலவர் செய்த வேலை. நான் எட்டு வருடம் நாசிக் கோஷம் என்று நம்பியிருந்தது இதைத்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சிலேடை நிற்காது. அங்கே அந்த இரண்டு சொல்லுக்கும் இரண்டு ஒலி. ‘டு ஹாஸ்ட்’, ‘எங்கெல்’ இரண்டுக்கும் குழு ஆங்கில வடிவமும் பதிவு செய்தது. ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது ஜேர்மன் வடிவம்தான். மொழி விளங்காத ஆயிரக்கணக்கான பேர் அதைக் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

யார் இந்த ஆறு பேர்?

மகனோடு கதைத்த பிறகுதான் இவர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். ஆறு பேரும் கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவர்கள். அது 1990இல் வரைபடத்திலிருந்தே காணாமல் போன நாடு. லின்டமன் இளவயதில் அந்த நாட்டின் நீச்சல் வீரர். பிறகு கூடை பின்னும் தொழில் செய்தவர். தகப்பன் வேர்னர் லின்டமன் சிறுவர்களுக்கு எழுதிய கவிஞர். பால் லான்டர்ஸும் ஃப்ளாக்கே லோரன்ஸும் ஃபீலிங் பி என்ற கிழக்கு பேர்லின் பங்க் குழுவில் இருந்தவர்கள். அந்த நாட்டில் மேடையேற வேண்டுமென்றால் அரசாங்கக் குழுவுக்கு முன்னால் வாசித்துக் காட்டி அனுமதி எடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் அந்நிய மொழி ரஷ்யன், ஆங்கிலம் இல்லை.

கிற்றார் வாசிக்கிற ரிச்சர்ட் க்ரூஸ்பே 1989இல், மதில் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஹங்கேரி வழியாகத் தப்பி மேற்குக்கு ஓடியவர். இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

ஏனென்றால் அவர் விட்டுவிட்டு ஓடிய அந்த நாடு வழியாகத்தான் நான் வந்தேன். 80களின் நடுப்பகுதியில் வந்த எங்கட ஆக்கள் பலருக்கு இந்தப் பாதை தெரியும். மொஸ்கோவில் விமானம் மாறி, கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம். அங்கே ரயில் ஏறினால் மேற்கு பேர்லின், அசூல். சொந்தக் குடிமக்கள் அந்தப் பக்கம் கால் வைத்தால் சுடுகிற நாடு, எங்களைப் பெட்டியோடு அனுப்பி வைத்தது. நான் அந்த நிலையத்தில் நின்ற அன்றைக்கு ரிச்சர்ட் க்ரூஸ்பே மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு பதினெட்டு வயதுப் பெடியன். நாட்டை இழந்தவன் என்ற சொல்லை நாங்கள் எங்களுக்கென்றே பதிந்து வைத்திருக்கிறோம். அது மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று எனக்குக் காட்டியது, நான் குப்பை என்று சொன்ன அந்த சீடி.

குழு உருவானது 1994இல், பேர்லினில். பெயர், 1988 ஆகஸ்ட் 28இல் ராம்ஷ்டைன் அமெரிக்க விமானத்தளத்தில் சாகச விமானங்கள் மோதி விழுந்து 70 பேர் இறந்த விபத்தோடு தொடர்புடையது. பெயரில் ஒரு ‘ம்’ கூட்டி எழுதினார்கள். முதல் அல்பம் ‘ஹேர்ட்ஸலைட்’ 1995இல் வந்தது. 1997இல் டேவிட் லிஞ்ச் தன் ‘லொஸ்ட் ஹைவே’ படத்தில் அதிலிருந்து இரண்டு பாட்டுகளைச் சேர்த்தார். இரண்டாவது அல்பத்தை மால்டா தீவில், யாகப் ஹெல்னர் என்ற சுவீடன் நாட்டுத் தயாரிப்பாளரோடு பதிவு செய்தார்கள். பதினொரு பாட்டுகள். ஜேர்மனியில் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி தாண்டிப் பிளாட்டினம் சான்றிதழ். 1999இல் ‘டு ஹாஸ்ட்’டுக்குக் கிராமி விருதுப் பரிந்துரை.

இந்த வெற்றியை விட, அதற்கு முந்திய தீர்மானம்தான் எனக்கு முக்கியம். 90களின் தொடக்கத்தில் ஜேர்மன் ரொக் வெளிநாட்டில் விலைபோக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் பாடு என்பதுதான் பொதுப் புத்தி. ஸ்கோர்பியன்ஸ் குழு அப்படித்தான் உலகம் சுற்றியது. க்ரூஸ்பே 1992இல் அமெரிக்கா போய் வந்த பிறகு, அமெரிக்கர்களைப் பார்த்துப் பிரதி பண்ணுவதில் பிரயோசனம் இல்லை, இசை தன் மொழியோடு பொருந்தவேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். ஜேர்மன் கரடுமுரடான மொழி, பாட்டுக்கு உதவாது என்று சொன்னவர்களுக்கு, அந்தக் கரடுமுரடையே தாளமாக்கிக் காட்டினார்கள். ‘க்ட்’, ‘ஸ்ட்’ என்று சொல்லின் முடிவில் மெய்யெழுத்துகள் முட்டுகிற இடத்தில்தான் மேளமும் முட்டுகிறது. மொழியை இனிமையாக்கவில்லை. அது இருக்கிறபடியே எடுத்தார்கள்.

அந்த ‘ர’வையும் இங்கே சொல்லவேண்டும். நாங்கள் டொச் படித்த காலத்தில் வகுப்பில் சிரித்தது எங்கட ‘ர’வைப் பார்த்துத்தான். தமிழன் நாக்கு நுனியில் உருட்டுகிறான், தொண்டையில் வரவில்லை என்று. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாய் கொப்பளிக்கிற மாதிரிப் பழகினோம். என் மகன் சிரித்துக்கொண்டு சொன்னான்: “அப்பா, லின்டமனும் உங்கட ‘ர’தான் கதைக்கிறார். அவருக்கு ஸ்ரேடியம் நிறையச் சனம்.”

ஏக்கமும் நோயும்

அல்பத்தின் பெயருக்கு வருவோம். ‘ஸேன்ஸுக்ட்’ என்றால் என்ன என்று மகன் கேட்டபோது ‘ஏக்கம்’ என்றேன். அவன், “அது காணாது அப்பா, அதில ‘ஸுக்ட்’ இருக்கு” என்றான். அந்தப் பின்பாதிக்கு இன்றைக்குப் பொருள் போதைப் பழக்கம். பழைய பொருள் நோய். கிட்டாத ஒன்றுக்கு ஏங்கி அதுவே வருத்தமாகிப் படுத்துவது. அதே அல்பத்தின் பத்தாவது பாட்டு ‘ஐஃபர்ஸுக்ட்’, அதாவது பொறாமை. அதிலும் அதே ‘நோய்’.

அப்போதுதான் எனக்குப் ‘பசலை’ ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிய மறந்த சொல். தலைவன் பிரிந்தபோது தலைவியின் உடம்பில் நிறம் மாறிப் படர்கிற நோய். திருக்குறளின் காமத்துப்பாலில் காதல் துன்பத்துக்கு ‘நோய்’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப வரும். மருதத்திணையில் பரத்தையிடம் போய் வந்த கணவனுக்கு வாசல் கதவைத் திறக்காத பெண் நிற்கிறாள். புறநானூற்றில் அரசனின் முகத்துக்கு நேரே கோபமாகப் பேசிவிட்டுப் பரிசை வேண்டாமென்று போகிற புலவன் இருக்கிறான். மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. “இப்பிடி எல்லாம் தமிழில இருக்கெண்டால், பத்து வருசமா நான் போன தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

நாங்கள் அவனுக்குக் கொடுத்தது வேறு தமிழ். விளக்கேற்றல், வாழ்த்துப்பா, மனனப் போட்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பேச்சுப் போட்டி. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிற ஆசிரியைகள் இல்லாவிட்டால் எங்கட பிள்ளையள் ‘அ’னா எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தமிழில் பிள்ளைக்குக் கோபப்பட முடியாது. காதல் தோல்வியைச் சொல்ல முடியாது. தகப்பன் குடிப்பதைச் சொல்ல முடியாது. அதையெல்லாம் டொச்சில் சொல்லுகிறார்கள். மனதின் முக்கால்வாசியைச் சொல்ல உதவாத மொழியைப் பிள்ளை பதினெட்டு வயதில் சான்றிதழோடு சேர்த்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. பிறகு நாங்கள் ‘தமிழ் அழியுது’ என்று கூட்டம் போடுகிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை

ராம்ஷ்டைனை நான் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. ‘ஸேன்ஸுக்ட்’டில் பிள்ளையளுக்கு ஏற்காத பாட்டுகள் இருக்கின்றன. உடல் வன்முறையையும் காமத்தையும் குற்றவாளியின் வாயாலேயே சொல்லுகிற பாட்டுகள். அதில் சிலது கலை, சிலது வெறும் அதிர்ச்சி வியாபாரம் என்பது என் கருத்து.

நாசிச் சந்தேகமும் சும்மா எழுந்ததல்ல. 1998இல் டெபெஷ் மோட் குழுவின் ‘ஸ்ட்ரிப்ட்’ பாட்டை இவர்கள் திரும்பப் பாடியபோது, வீடியோவில் லெனி ரீஃபன்ஷ்டால் ஹிட்லர் காலத்தில் எடுத்த பேர்லின் ஒலிம்பிக் படத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டினார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. 2001இல் ‘லிங்க்ஸ் 2 3 4’ என்ற பாட்டால், எங்கள் இதயம் துடிப்பது இடது பக்கம் என்று பதில் சொன்னார்கள். அது உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் நெருப்போடு விளையாடுகிறவர்களுக்கு அது விளையாட்டு. நெருப்புக்கு மேல்மாடியில் படுத்தவர்களுக்கு அது வேறு. அந்தப் பயத்தை எட்டு வருடம் சுமந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

2023இல் இளம் ரசிகைகளை லின்டமன் நடத்திய விதம் பற்றிப் பெண்கள் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். பேர்லின் அரச வழக்குத்தொடுநர் விசாரணை தொடங்கி, போதிய ஆதாரம் இல்லையென்று அந்த ஆண்டு ஆகஸ்டில் மூடினார். என் மருமகள் அதன் பிறகு வீட்டில் அந்த சீடியைப் போட விடுவதில்லை. மகனும் அதைப் பற்றி வாதாடுவதில்லை. ஒரு பாட்டிலிருந்து படிப்பதும் பாடியவனை நம்புவதும் இரண்டு வேலை. இரண்டாவது கட்டாயமில்லை.

எனவே இவர்கள் சொன்னதை எல்லாம் எங்கட பிள்ளையள் சொல்லட்டும் என்பது என் வாதம் இல்லை. தங்கள் மொழியில் எதையும் சொல்லலாம் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட அந்த உரிமை எங்கட பிள்ளையளுக்கும் வேண்டும் என்பதுதான்.

தமிழில் இது நடக்காததும் இல்லை. 2006இல் மலேசியாவில் யோகி பி – நட்சத்திரா குழு ‘வல்லவன்’ அல்பத்தை ராப் தமிழில் கொண்டுவந்தபோது, இது தமிழா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாடுகிறார்கள். 2017இல் சென்னையில் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ரொக்கோடு சேர்த்துச் சாதியைப் பற்றி மேடையில் கோபமாகப் பாடியது. தமிழ் உடைந்துபோகவில்லை. அந்த மேடைகளுக்கு முன்னால் நின்ற இளையவர்களில் எத்தனை பேர் எங்கட ஆண்டு விழாவுக்குத் தாங்களாக விரும்பி வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையின் பாட்டு

இரண்டு கிழமைக்கு முன் அந்தப் பிள்ளையின் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரவு வேலை முடிந்து படுத்திருந்தார், தாய்தான் கதைத்தா. “அவள் இனித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாள், அண்ணை. நீங்கள் சொல்லித்தான் பாருங்கோவன்” என்றா. எங்கள் ஐந்து பேரின் ஒரு தலையாட்டலின் விலை இது. பத்து வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கட்டியெழுப்பியதை அஞ்சு நிமிசத்தில் உடைத்துவிட்டோம்.

அவளோடு நேரில் கதைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, இந்தமுறை சொல்லைக் கேட்டேன். எட்டு வருடம் தாமதமாக நான் கற்றுக்கொண்ட பாடம் அது: சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே, சொல்லைக் கேள். இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. சொன்னேன். ஒன்றைத் திருத்தினாள். மற்றதுக்கு, “அது அப்பா கதைக்கிற மாதிரி, அங்கிள். மாத்தமாட்டன்” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இரவு வேலைக்குப் போகிற மனிதன் வாயில் செந்தமிழ் வராது.

வருகிற ஞாயிறு நிர்வாகக் கூட்டம். அந்தப் பாட்டைத் திரும்ப நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஐந்து பேரில் இப்போது இரண்டு பேர் என் பக்கம். இன்னும் ஒருவர் வேண்டும். பாரதியார் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இருக்கட்டும். அவரும் தன் காலத்தில் கோபப்பட்டுத் தமிழ் எழுதியவர்தானே.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஆண்டு விழாக் காலம் வரும். கைபேசியோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், பாட்டு முடியும்வரை பொறுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு சொல்லலாம். அந்தப் பிள்ளை கத்துகிறது என்றால், தமிழில் கத்துகிறது.